ஊட்டிப் பனிக்கு எதற்காக வருகிறது காஷ்மீர்க் குருவி?

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தலைகுந்தாவிலோ ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்திலோ போய் நின்று பாருங்கள். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளையாக இருக்கும். ராத்திரி வெளியே நிறுத்திய வண்டிகளின் கண்ணாடியில் பனி கெட்டியாகப் பிடித்திருக்க, டிரைவர்கள் பழைய ஏ.டி.எம். கார்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அதே குளிரில், அங்கிருந்து அதிகத் தூரமில்லாத கேர்ன் ஹில் காட்டோரத்தில், பத்துக் கிராம் தேறுமா என்று சந்தேகப்படும்படியான ஒரு குருவி தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைச் சுண்டிக்கொண்டிருக்கும். சாம்பல் முதுகு, தொண்டையும் மார்பும் செங்கல் ஆரஞ்சு, அந்த ஆரஞ்சுக்குக் கரை போட்டாற்போல ஒரு கறுப்புக் கோடு. அதுதான் காஷ்மீர் ஈப்பிடிப்பான். பெயரிலேயே ஊர் இருக்கிறது. காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வந்து, மார்ச் வரை தங்கிவிட்டுப் போகும்.

"அங்க பனி தாங்காம இங்க ஓடி வந்துடுது தம்பி" என்றார் எங்கள் கோத்தகிரி டீக்கடை அண்ணன். அவர் மட்டுமா, அக்டோபர் வந்தால் வாட்ஸாப்பில் சுற்றும் பறவைப் படங்கள் எல்லாவற்றுக்கும் கீழே இதே வசனம்தான் இருக்கும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். குளிருக்குப் பயந்து கிளம்பிய குருவி, வழியில் போபால், ஹைதராபாத், மைசூர் என்று எத்தனையோ இதமான ஊர்களைத் தாண்டி, நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,500 கிலோமீட்டர் பறந்து, கடைசியில் வந்து உட்காரும் இடம் தமிழ்நாட்டிலேயே குளிர் அதிகமான ஊர். அவ்வளவு விவரம் கெட்டதா அந்தக் குருவி? இல்லை. நாம்தான் காரணத்தைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சீசன் கடையும் தோடர் எருமையும்

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் போனால் சமவெளியிலிருந்து வந்து கடை போட்டிருப்பவர்களைப் பார்க்கலாம். சோளம் சுடுபவர், தொப்பி விற்பவர், பலூன்காரர். இவர்களெல்லாம் வெயில் தாங்காமல் மேலே வந்தவர்களா? கோவை வெயில் அவர்களுக்குப் பழக்கமானதுதான். கூட்டம் இங்கே இருக்கிறது, அதனால் வந்திருக்கிறார்கள். மலர்க்கண்காட்சி முடிந்து கூட்டம் கரைந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள், அடுத்த வருஷம் அதே மூலையில் அதே கடை.

இன்னும் நெருக்கமான உதாரணம் தோடர்களின் எருமைகள். முன்பெல்லாம் ஜனவரிக்கு மேல் ஊட்டிப் பக்கத்துப் புல் காயத் தொடங்கியதும், மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே குந்தா, முக்குருத்தி பக்கத்து ஈரப் புல்வெளிகளுக்குப் போய்விடுவார்கள். மழை வந்து இங்கே புல் துளிர்த்ததும் திரும்புவார்கள். அந்தப் பக்கம் குளிரோ வெயிலோ குறைவு என்பதற்காக இல்லை, புல்லுக்காக.

இதற்குப் பெயர்தான் வலசை. பஞ்ச காலத்தில் ஊரே கிளம்பிப் போவதை நம் பெரியவர்கள் 'வலசை போனார்கள்' என்று சொல்வார்கள், அதே சொல்லைத்தான் இப்போது பறவைகளுக்கும் வைத்திருக்கிறோம். பறவை விஷயத்தில் இதன் பொருள் இன்னும் கறாரானது: பருவம் மாறும்போது ஓரிடத்தைவிட்டு இன்னோரிடத்துக்குப் போவது, பருவம் திரும்பும்போது பழைய இடத்துக்கே வருவது, இதை ஆண்டுதோறும் செய்வது. சாயங்காலம் காக்காய்க் கூட்டம் அடைவதற்குப் பறந்து போவது வலசை ஆகாது.

குளிரா, பட்டினியா?

ஒரு பறவையின் உடல்சூடு நம்முடையதைவிட அதிகம், ஏறக்குறைய 40 டிகிரி. அதைச் சுற்றி இறகு என்ற ரஜாய். குளிர் அதிகமானால் இறகுகளை உப்பவைத்து உள்ளே காற்றைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் காலை நேரத்தில் குருவிகள் பந்து மாதிரி குண்டாகத் தெரிகின்றன. வயிறு நிறைந்திருந்தால் இந்த ரஜாயோடு கடும் குளிரையும் ஓட்டிவிட முடியும். அடுப்பில் விறகு இருக்கும்வரை வீடு சூடாக இருக்கும். சிக்கல் விறகில்தான்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு, பட்டாணிக்குருவி. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மார்பில் டை கட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டை. ஊட்டியில் எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். இதே குருவி காஷ்மீரிலும் இருக்கிறது. ஈப்பிடிப்பானைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் பனி கொட்டும் மாதங்களிலும் அங்கேயே கிடக்கிறது. குளிர்தான் பிரச்சினை என்றால் இதுவும் அல்லவா மூட்டை கட்டியிருக்க வேண்டும்? இதன் அலகைப் பார்த்தால் விடை தெரியும். குட்டையான, உறுதியான அலகு. விதையைக் காலடியில் வைத்துக் கொத்தி உடைக்கும், மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சி முட்டையையும் கூட்டுப்புழுவையும் தோண்டி எடுக்கும். பனிக்காலத்திலும் அதற்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஈப்பிடிப்பானின் அலகு மெலிசு, அடிப்பக்கம் அகலம், வாயோரம் மீசை மாதிரி சில முடிகள். அதற்கு விதை உடைக்கத் தெரியாது, பட்டை உரிக்கவும் தெரியாது. அதற்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று: கிளையில் உட்கார்ந்து பார்ப்பது, பூச்சி பறந்தால் பாய்ந்து பிடிப்பது, தரையில் நகர்ந்தால் இறங்கிக் கவ்விக்கொண்டு மேலே ஏறுவது. பனி மூடிய காட்டில் பறக்கும் பூச்சி ஏது? அங்கே தங்கினால் அதைக் கொல்லப்போவது பசிதான்.

சரி, ஊட்டியிலும் உறைபனி விழுகிறதே, இங்கே மட்டும் பூச்சி எப்படி என்று கேட்பீர்கள். உறைபனி விழும் இடத்தைக் கவனியுங்கள். திறந்த மைதானம், பள்ளத்தாக்கின் அடி, மரமில்லாத தேயிலைச் சரிவு. மேகமில்லாத இரவில் திறந்த தரை தன் சூட்டை வானத்துக்குத் தொலைத்துவிடுகிறது. சோலைக்குள் அப்படி இல்லை. சோலை என்றால் இங்கே மலை மடிப்புகளில் இருக்கும் குட்டையான, அடர்ந்த பசுமைக்காடு. அதன் கூரை கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேறு நீலகிரியின் கிழக்குப் பகுதியை ஈரமாக வைத்திருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் சோலை ஓரத்தில் கொசுவும் சிறு ஈக்களும் எழும்பும். காஷ்மீர்க் குருவிக்கு அது போதும்.

ஆக, இறகு இருப்பதால் குளிர் சமாளிக்கக்கூடியதுதான், பூச்சி இல்லாததுதான் சமாளிக்க முடியாதது. பூச்சியை மட்டும் நம்பிய பறவை பூச்சி இருக்கும் இடத்துக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

நிறத்தை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள்

அடுத்த குழப்பம், பளிச்சென்று இருந்தால் அது வெளிநாட்டுப் பறவை என்ற நம்பிக்கை. விடுதிகளில் தங்க வருகிறவர்கள் கருநீல நிறத்தில் ஒரு குருவியைப் படமெடுத்து "ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தாளி" என்று போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது நீலகிரி ஈப்பிடிப்பான். இந்த மலைகளை விட்டு எங்கேயும் போகாத, நம் சோலைகளிலேயே பிறந்து சாகிற பறவை. கறுப்பும் ஆரஞ்சுமாக இன்னொரு குட்டி ஈப்பிடிப்பான் உண்டு. கொடைக்கானல் வட்டக்கானல் பக்கம், பாம்பார் சோலைப் பாதையோரப் புதரில் முழங்கால் உயரத்தில் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இப்படி ஆண்டு முழுக்க இருப்பவற்றை உள்ளூர்ப் பறவை என்போம்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் மாதிரி ஆறு மாதம் வந்து தங்கிப் போகிறவை குளிர்கால விருந்தாளிகள். தங்காமல் ஓரிரு நாள் இறங்கித் தின்றுவிட்டு மேற்கொண்டு போகிறவை வழிப்போக்குப் பறவைகள். ஒரே மலையில் மேலே கீழே, அல்லது மழை விழும் பக்கத்திலிருந்து விழாத பக்கம் என்று நகர்வது உள்ளூர் வலசை. இதில் கடைசியாகச் சொன்னதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. பாஸ்போர்ட் தேவைப்படாத பயணம் என்பதாலோ என்னவோ.

இந்தப் பிரிவெல்லாம் நம் வசதிக்குத்தான், பறவை அதற்குள் அடங்கி உட்காராது. அரசவால் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். வயது முதிர்ந்த ஆண் பால் வெள்ளை, தலை மட்டும் பளபளக்கும் கறுப்பு, வாலில் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ரிப்பன்கள் தொங்கும். பறக்கும்போது யாரோ காற்றில் நாடாவைச் சுழற்றுவது போலிருக்கும். பெண்ணும் இளம் ஆணும் செம்பழுப்பு. வயது வந்த ஆண்களிலேயே சில செம்பழுப்பாக இருப்பதால் பலர் இதை வேறு பறவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கூடு கட்டுகிறவையும் இருக்கின்றன, இமயமலைப் பக்கமிருந்து குளிர்காலத்தில் இறங்கி வருகிறவையும் இருக்கின்றன. ஜனவரியில் ஒரே மரத்தில் இரண்டு உட்கார்ந்திருந்தால் எது உள்ளூர், எது வெளியூர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நம் தெருவில் ஒரு குடும்பத்தில் மூத்தவன் ஊரோடு இருக்க, இளையவன் திருப்பூர் போய் வருவதில்லையா, அப்படித்தான்.

கூடு பற்றியும் ஒரு வார்த்தை. "இவ்வளவு தூரம் நம் மண்ணை நம்பி முட்டையிட வருகின்றன" என்று உருகி எழுதுகிறார்கள். குளிர்கால விருந்தாளிகள் இங்கே கூடு கட்டுவதில்லை, முட்டையிடுவதில்லை. அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வருகின்றன. வேடந்தாங்கலில் மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருப்பவை பெரும்பாலும் நம் நாட்டு நாரைகளும் கொக்குகளும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள். வடக்கே போய்க் குஞ்சு பொரிப்பதற்கும் காரணம் அதே பூச்சிதான். கோடையில் இமயமலைக் காடுகளில் பூச்சி கொட்டிக்கிடக்கும், பகலும் நீளம். ஜூனில் ஸ்ரீநகரில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல், ஊட்டியில் 13 மணி நேரத்தைத் தொடாது. நான்கைந்து குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது ஒன்றரை மணி நேரக் கூடுதல் வேலை என்பது சின்ன விஷயமில்லை.

மின்கம்பியில் ஒரு பஞ்சுருட்டான்

நிறத்துக்கும் பூச்சி வேட்டைக்கும் ஒரே பறவையைக் காட்டு என்றால் நான் பஞ்சுருட்டானைத்தான் காட்டுவேன். சில ஊர்களில் கட்டலான் குருவி என்பார்கள். மசினகுடி சாலையில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் பச்சைப் பஞ்சுருட்டானும் செந்தலைப் பஞ்சுருட்டானும். குளிர்காலத்தில் கீழே பவானிசாகர் பக்கம் நீர்நிலை ஓரங்களில் நீலவால் பஞ்சுருட்டானும் சேர்ந்துகொள்ளும்.

ஒருமுறை செந்தலை ஒன்றைக் கால் மணி நேரம் வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் உட்கார்ந்து தலையை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்புகிறது. திடீரென்று கிளம்பி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, 'டக்' என்று அலகு மூடும் சத்தம் கேட்கிறது, அதே கம்பிக்கு, ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்புகிறது. அலகின் நுனியில் தேனீ. முதலில் தலைப்பக்கத்தைக் கம்பியில் இரண்டு மூன்று தடவை அடிக்கிறது. அப்புறம் அலகுக்குள் தேனீயை நகர்த்தி வால்பக்கத்தைப் பிடித்து, அதைக் கம்பியில் வைத்துத் தேய்க்கிறது. நாம் பாத்திரத்தின் அடிக்கரியைத் தேய்ப்போமே, அந்த மாதிரி அழுத்தி. கொடுக்கு, விஷம் இரண்டும் வெளியே வந்துவிடுகின்றன. மறுபடி ஒரு அடி, தலையை நிமிர்த்தி ஒரே விழுங்கு. அடுத்த தடவை அது பிடித்து வந்தது தட்டான். அதை அடித்ததோடு சரி, தேய்க்கவில்லை. கொட்டுகிற பூச்சி எது, கொட்டாதது எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்து கறுப்பாக ஒரு சின்ன உருண்டையைத் துப்பியது. செரிக்காத இறக்கையும் ஓடும் சேர்ந்த அந்த உருண்டைக்கு உமிழ்திரள் என்று பெயர். கம்பிக்கு அடியில் தேடினால் கிடைக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தால் வண்டின் ஓடு மினுமினுக்கும். அந்த வாரம் அது என்ன சாப்பிட்டது என்பதற்கான ஹோட்டல் பில் அது.

கூடு மரத்தில் இல்லை. ஆற்றோர மண்சரிவிலோ சாலைக்கு வெட்டிய மண்சுவரிலோ அலகால் குத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, கை நுழையும் அளவுக்குக் குடைந்து, உள்கோடியில் முட்டையிடும். பிப்ரவரி முதல் ஜூன் வரை இந்த வேலை நடக்கும். அந்தச் சமயத்தில் மண்சுவரை ஜே.சி.பி. வைத்துச் சீவினால் ஒரு காலனியே போய்விடும்.

இனத்தில் மூத்தவர் மாதிரி ஒருவர் காட்டுக்குள் இருக்கிறார், நீலத்தாடிப் பஞ்சுருட்டான். உருவத்தில் பெரியது, தொண்டையில் நீல இறகுகள் தாடி மாதிரி தொங்கும். மலைத்தேனீ அடைக்கு அருகே போய், வேண்டுமென்றே சீண்டி, துரத்தி வரும் காவல் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிட்டு, வருகிறவனைச் சாப்பிடுகிற ஆள்.

மலைத்தேனீயும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. பாறை முகட்டில் அடை கட்டி, பூக்காலம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அடையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும், அடுத்த பூக்காலத்துக்கு அதே பாறைக்குத் திரும்பும். தேனெடுக்கும் குறும்பர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துபடி. பூ நகர்கிறது, தேனீ நகர்கிறது, பின்னாலேயே அதைத் தின்கிற பறவையும் நகர்கிறது. ஜூன் மாதம் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் அடிக்கும்போது பூச்சி பறக்காது. பஞ்சுருட்டான்கள் மழை குறைந்த பக்கம் நகர்ந்துவிடும். முன்னே சொன்ன உள்ளூர் வலசை இதுதான். முப்பது நாற்பது கிலோமீட்டர் நகர்ந்தால் போதும், காஷ்மீர் போக வேண்டியதில்லை.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பறவையைத் திட்டுவார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே கம்பி போனால் நஷ்டம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தேனீக்களைக் கொல்லும் குளவிகளையும் அது அதே சுறுசுறுப்போடுதான் பிடிக்கிறது.

உணவும் கடல் தாண்டும்

பூச்சிகள் சின்ன உயிர், எங்கே போகப்போகின்றன என்று நினைக்காதீர்கள். மழைக்காலம் முடியும்போது மைதானத்துக்கு மேலே மஞ்சளாக, எதிலும் உட்காராமல் கும்பலாகச் சுற்றும் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலத்தீவில் இவை லட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன. பவளத்தீவுகளில் தட்டான் முட்டையிட்டுப் பெருகுகிற அளவுக்கு நன்னீர்க் குளங்கள் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து வந்தன? அங்கே வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் இதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, இந்தியாவிலிருந்து கிளம்பி, காற்றின் உதவியோடு கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். அதே காலத்தில் அதே திசையில் வல்லூறு வகைப் பறவைகளும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானும் கடலைக் கடக்கின்றன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். சாப்பாடு கூடவே பறந்து வருகிற பயணம்.

கிளம்பு என்று யார் சொல்வது?

காஷ்மீரில் செப்டம்பரில் இன்னும் பூச்சி இருக்கும். பட்டினி ஆரம்பித்த பிறகு கிளம்பினால் வழியில் செத்துவிடும், முன்கூட்டியே கிளம்ப வேண்டும். காலண்டர் இல்லாத குருவிக்கு இது எப்படித் தெரியும்? பகல் நீளம் அதற்குச் சொல்கிறது. மழை முன்பின் வரலாம், குளிர் ஏமாற்றலாம், ஆனால் பகல் குறைவதும் கூடுவதும் எந்த வருஷமும் தவறாது. பகல் சுருங்கச் சுருங்க உடலில் சுரப்புகள் மாறுகின்றன, அதோடு ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஓர் உள்கடிகாரமும் இருக்கிறது. ஊட்டியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்தும் மார்ச்சில் நாள் தவறாமல் கிளம்ப இந்த உள்கடிகாரம் கைகொடுக்கிறது.

முதலில் வருவது அசுரப்பசி. தின்று தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கும். வலசைக்கு முன் சில குருவிகளின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஏன் கொழுப்பு என்றால், ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கலோரி, அதே எடை மாவுச்சத்தில் 4தான். எடை பார்த்து லக்கேஜ் கட்டும் பயணிக்குக் கொழுப்புதான் லாபம். அப்புறம் வருவது வலசைத் தவிப்பு. கூண்டில் அடைத்த வலசைப் பறவைகூட அந்தப் பருவம் வந்தால் இரவெல்லாம் தூங்காமல், போக வேண்டிய திசையைப் பார்த்துத் தத்திக்கொண்டே இருக்கும். பஸ் பிடிக்க வேண்டிய நாளன்று விடியற்காலை நாம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பது மாதிரி.

இந்தத் தவிப்பை வைத்தே வழி கண்டுபிடிக்கும் விதத்தையும் சோதித்தார்கள். 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் என்பவர் புனல் வடிவக் காகிதக் கூண்டின் அடியில் மை ஒற்றிய அட்டையை வைத்து, அதன்மேல் ஒரு குருவியை விட்டு, கோளரங்கத்துச் செயற்கை வானத்துக்குக் கீழே வைத்தார். குருவி எந்தப் பக்கம் தத்துகிறதோ அந்தப் பக்கம் காகிதத்தில் மைக்கால் தடம். நட்சத்திரங்களைத் திருப்பியபோது தடமும் திரும்பியது. குஞ்சாக இருக்கும்போதே, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்று பார்த்து வடக்கைக் கற்றுக்கொள்கின்றன. மேகம் மூடிய இரவுக்கு இன்னொரு கருவி, பூமியின் காந்தப்புலம். அதே காலத்தில் ஜெர்மனியில் ஐரோப்பிய ராபின் குருவிகளைச் சுற்றிக் காந்தப்புலத்தைத் திருப்பிப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். பகலில் பறக்கிறவைக்குச் சூரியன், ஆறு, மலைத்தொடர் எல்லாம் அடையாளம்.

பெற்றோர் பின்னால் குஞ்சுகள் பத்திரமாக வருகின்றன என்று நினைக்கத் தோன்றும். பஞ்சுருட்டான்கள் கூட்டமாக, பகலில், கூப்பிட்டுக்கொண்டே போகும், சரி. ஆனால் இரவில் தனியாகப் பறக்கும் சின்னக் குருவிகள் பலவற்றில், அந்த வருஷம் பிறந்தது தன் முதல் பயணத்தை யாரும் வழிகாட்டாமலே செய்கிறது. திசையும் தோராயமான தூரமும் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: பகல் நீளமும் உள்கடிகாரமும் நேரத்தைச் சொல்கின்றன, கொழுப்பு வண்டிக்கு எண்ணெய், நட்சத்திரமும் காந்தமும் சூரியனும் வழி. குளிர் இந்தக் கணக்கில் பூச்சியை இல்லாமல் செய்யும் வேலையோடு நின்றுவிடுகிறது.

வீட்டுக்குள் வந்த ஆறுமணிக்குருவி

கடைசியாக, அக்டோபரில் உங்களுக்கே உதவக்கூடிய ஒரு விஷயம். ஆறுமணிக்குருவி என்று ஒன்று. பச்சை முதுகு, மஞ்சள் பழுப்பு மார்பு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இந்தியில் நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறமாம். தரையில் சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தின்னும், விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும், இலங்கை வரை போகும். பயணம் இரவில். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் திகைத்து, வீடுகளுக்குள்ளும் கண்ணாடி ஜன்னல்களிலும் வந்து விழும்.

குஞ்சப்பனையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறகு தாயகம் திரும்பியோரில் ஒருவராக இங்கே வந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை போன் செய்தார். "சாமி, சமையக்கட்டுல நம்மூரு அவிச்சியா வந்து உக்காந்திருக்கு, சீக்கிரம் வா." போய்ப் பார்த்தால் விறகுக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பறவை. இதைச் சிங்களத்தில் அவிச்சியா என்பார்களாம். தன் சட்டையை இரவல் வாங்கிப்போன மயில் திருப்பித் தரவில்லை என்று அது சாயங்காலம்தோறும் அழுகிறது என்று அங்கே ஒரு கதை உண்டு என்றார். இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு இன்னும் எந்தச் சட்டைக்கு அழுகிறதோ.

இப்படி ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். காற்றுப்போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் மெல்ல எடுத்து வையுங்கள், மூடி இருட்டாக்குங்கள், பூனையும் குழந்தைகளும் வராத அறையில் சத்தமில்லாமல் விடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், செல்ஃபி வேண்டாம். சாயங்காலம் இருட்டும் முன் புதரோரமாகப் பெட்டியைத் திறந்துவையுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

நாங்கள் ஐந்தே முக்காலுக்குப் பெட்டியைக் கொல்லைக் காபிச்செடிக்கு அடியில் திறந்தோம். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பாட்டி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தத்து, இன்னொரு தத்து, சருகை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் ஆறு மணிக்குச் சத்தம் கேட்டதா என்று போன் போட்டேன். கேட்கவில்லையாம். "எங்கூருக்குப் போயிருக்கும் சாமி" என்றார்.